கழற்றிப் பார்க்காத மூன்று செவ்வாய்க்கிழமைகள்

போன மாதம் ஜெசிந்தா போன் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இருபத்தெட்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். காலில் கட்டும் அதிர்வுப் பட்டையில் புது மாடல் வந்திருக்கிறதாம். வயரே கிடையாதாம், எல்லாம் போனிலேயே தெரியுமாம். "சார், பழைய மாடல மொத மொத நம்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்ததே நீங்கதான. ஒரு நா வந்து, எப்படிக் கட்டணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

கட்டுவதற்கு நான் எதற்கு? டப்பாவின் மேலேயே படம் போட்டிருப்பான். கழற்றுவதற்குத்தான் எவனும் படம் போடுவதில்லை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது, ஆனால் பத்துப் பேருக்கு முன்னால் நின்று சொல்ல வாய் வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போய்வராமல் ஒரு வரிகூட ஓடாது என்று. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நான் படித்தது மதுரையில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டு, முதுகு, தோள்பட்டை என்று எல்லாரும் படிப்பதைப் படித்துவிட்டு வந்தேன். பாதம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் தவமணி. எங்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. குரலை உயர்த்தத் தெரியாத அம்மா. அவர் கோபப்பட்டால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கால் ஓ.பி. அன்றைக்கு அவர் மேஜைப் பக்கம் போகவே மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியைவிடத் தாழ்வாக உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வார். நோயாளியின் கால் அந்தத் துண்டின் மேல் வரவேண்டும். வயதானவர்கள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்கள். "நான் கால் பாக்கத்தான் வந்திருக்கேன், மூஞ்சியப் பாக்க வரலை. வைங்க" என்பார்.

முதலில் செருப்பு. கையில் எடுத்துக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே விரலைவிட்டு நுனியிலிருந்து குதிகால் வரை தடவுவார். சாக்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றி, உட்புறத்தை வெளியே புரட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கால். விரலிடுக்குகள் ஒவ்வொன்றிலும் டார்ச் வெளிச்சம் போகும். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடுவார்; ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கடைசியில் நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பாதத்தில் பத்து இடங்களில் இழையின் நுனியை வைத்து அழுத்துவார். பட்டால் "ஆமா" சொல்லவேண்டும். பத்து இடத்திலும் வைத்து முடித்த பிறகு, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீக?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் கூமாப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தென்னந்தோப்புக்காரர். டாக்டர் அவருடைய செருப்பை எடுக்கக் கையை நீட்டினார், செருப்பு வரவில்லை. இழுத்தார். செருப்போடு காலும் சேர்ந்து வந்தது. அடியில் கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் ஏறி, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தது. "எம்புட்டுத் தூரம் நடந்தீக?" என்று டாக்டர் கேட்டார். பஸ்ஸ்டாண்டிலிருந்து நடந்துதான் வந்தேன், இடையில் ஒரு காப்பி குடித்தேன் என்று அவர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் முள்ளைப் பிடுங்கி, தட்டில் போட்டு, என் கையில் கொடுத்தார். "தம்பி, இவியளுக்கு வலின்னு ஒண்ணு கெடையாது. அதுனால இவியளுக்குப் பதிலா நாமதான் பாக்கணும். வேற வித்தை ஒண்ணும் இதுல இல்ல" என்றார். அன்றிலிருந்து என் செருப்பையே நான் தட்டாமல் போடுவதில்லை.

சர்க்கரையில் நரம்பு கெட்டவர்களுக்குப் புண் மட்டும் பிரச்சினை இல்லை. தரை எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு சார்" என்பார்கள். தெரியாததைக் கண்ணால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். தலையைத் தொங்கப்போட்டு ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். யாராவது கூப்பிட்டு நிமிர்ந்தால் போச்சு, விழுவார்கள். இருட்டில் விழுவார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால்கூட விழுவார்கள்.

அந்தப் பட்டை இதற்காக வந்ததுதான். பாதத்துக்கு அடியில் மெல்லிய தகடு மாதிரி ஒரு பட்டை. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது கவனிக்கும். உணர்வு மிச்சமிருக்கும் முழங்காலுக்குக் கீழே இன்னொரு பட்டை; அது முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று அந்தந்த இடத்தில் அதிரும். பாதம் சொல்லவேண்டியதைக் கெண்டைக்கால் சொல்லும். வெளியூர்க் கம்பெனி ஒன்று சோதனைக்காக எங்களுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தது. ஷூவுக்குள் வைக்கிற மாதிரிதான் முதலில் வந்தது. "நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள யாரு சார் ஷூ போடுதா? கோயிலுக்குள்ள என்ன செய்வாக?" என்று நான்தான் அவர்களிடம் கேட்டேன். சாக்ஸுக்குள் வைத்துத் தைத்து, பாதத்தைச் சுற்றி வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் இறுக்குகிற மாதிரி செய்து தரச் சொன்னதும் நான்தான். செய்து அனுப்பினார்கள். என் யோசனை என்று கம்பெனிக்காரர் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் ஒரு வருடம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

சண்முகத்தாய் வந்தது அந்தச் சமயத்தில். ராஜபாளையம். ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி கம்பெனியில் துணி வெட்டி மடிக்கும் பிரிவில் வேலை. நாற்பத்தெட்டு வயது. வேலையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். இன்னொரு தடவை விழுந்தால் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். துணி அழுக்காகக் கூடாது என்று அங்கே செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். ஷூ மாடல் அந்த அம்மாவுக்கு உதவாது, சாக்ஸ் மாடல்தான் உதவும். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. என் சாக்ஸுக்கென்றே பிறந்து வந்த மாதிரி ஒரு கேஸ்.

கூடவே புருஷன் வருவார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், பேச்சிமுத்து. முடியை இன்னும் ஒட்ட வெட்டிக்கொள்வார், நாற்காலியில் சாயமாட்டார். நான் சொல்வதையெல்லாம் ஒரு டைரியில் எழுதிக்கொள்வார்.

பயிற்சியில் கஷ்டமானது ஒன்றே ஒன்றுதான். தரையைப் பார்ப்பதை விட வேண்டும். கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தால் பட்டையின் அதிர்வை மூளை கவனிக்கவே கவனிக்காது. "கீழ பாக்காதீங்கம்மா. பட்டை சொல்லும், அத நம்புங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஹவில்தார் இதை டைரியில் எழுதி அடிக்கோடு போட்டார். அடுத்த நாளிலிருந்து காலையில் முடங்கியாறு ரோட்டில் மனைவியை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் இவர் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார். அந்த அம்மா கொஞ்சம் குனிந்தால் போதும், "சாம்னே தேக்" என்று ஒரு சத்தம். நேரே பார் என்பதற்குப் பட்டாளத்து ஆணை. "மாடுகூட மிரளுது சார் இவுக போடுத சத்தத்துல" என்று சண்முகத்தாய் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆறு வாரத்தில் நடை வந்துவிட்டது. மலையைப் பார்த்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, கை வீசி நடந்தார். கம்பெனிக்கு ஒழுங்காகப் போனார், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே வந்தார். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, குனிந்து பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள எல்லா நோயாளிக்கும் நாங்கள் கைக்கண்ணாடி ஒன்று கொடுப்போம். சண்முகத்தாய்க்குச் சர்க்கரை கண்ணையும் கொஞ்சம் தின்றிருந்தது, கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை என்றார். "விடுங்கம்மா, செவ்வாக்கெழமை தோறும் நான்தான் பாக்கேனே" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாய் இதுதான்.

அடுத்து வந்த மூன்று செவ்வாய்க்கிழமைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

முதல் செவ்வாய் பட்டை செய்த கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார், வீடியோ எடுக்க. சாக்ஸைக் கழற்றித் திரும்பக் கட்டினால் பட்டை காலோடு பழக அரை மணி நேரம் நடக்கவிட வேண்டும். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே நடக்கவிட்டோம். நடையைக் காட்டும் டேப்லெட்டில் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. அவர் கைதட்டினார். இரண்டாவது செவ்வாய் அந்த அம்மாவுக்கு ஷிப்ட் மாறியிருந்தது, சீக்கிரம் விடச் சொன்னார். கோட்டைப் பார்த்தேன், போன வாரத்தைவிட நன்றாக இருந்தது. போகச் சொல்லிவிட்டேன். மூன்றாவது செவ்வாய் ஆடிப்பூரத் தேரை ஒட்டிய வாரம். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் லீவு. அந்த அம்மா அந்தக் கூட்டத்திலும் நடந்தே வந்து சேர்ந்தார். அதையே நான் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன். டாக்டர் தவமணி அந்த மாதம் மகளின் பேறுகாலத்துக்காக அவள் வீட்டில் இருந்தார்.

மூன்று வாரமும் கேஸ் ஷீட்டில் "பாதம் பரிசோதனை" என்ற கட்டத்தில் "இயல்பு" என்பதற்கு நேரே டிக் போட்டேன். என் கையெழுத்தும் போட்டேன்.

நாலாவது செவ்வாய் டாக்டர் வந்துவிட்டார். முக்காலி, துண்டு. சண்முகத்தாய் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்தார். டாக்டர் சாக்ஸில் கை வைத்ததும் நிறுத்திவிட்டார். "தம்பி, இங்க வா. இது என்ன?" என்றார்.

ஒட்டுப்பட்டை இருந்த இடத்தில் ஒரு ஊக்கு.

பேண்டேஜ் கம்பெனியில் காற்றெல்லாம் பஞ்சு. அந்தப் பஞ்சு ஒட்டுப்பட்டைக்குள் புகுந்து அடைத்து, அது பிடிப்பை இழந்துவிட்டது. சாக்ஸ் நழுவ ஆரம்பித்தது. நழுவினால் பட்டை தப்பாக அதிரும், விழுந்துவிடுவோம் என்று அந்த அம்மாவுக்குப் பயம். தாலிக்கயிற்றில் நாலு ஊக்கு தொங்காத பொம்பளை நம் ஊரில் உண்டா? ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டார். தினமும் காலையில், குனியாமல், கையால் தடவியே குத்தியிருக்கிறார். சேலைக்குக் குத்துகிற அதே பழக்கம். சேலைக்குக் குத்தும்போது தோலில் பட்டால் சுருக்கென்று தெரியும். இங்கே அது தெரியவில்லை. செவ்வாய்தோறும் நான்தான் பார்க்கிறேனே என்று வீட்டிலும் யாரும் காலைப் பார்க்கவில்லை.

சாக்ஸ் கறுப்பு நிறம், அதனால் வெளியே எதுவும் தெரியவில்லை. டாக்டர் கழற்றினார், பாதியில் நின்றது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. நாற்றம் அறை முழுக்க வந்தது. பாதத்தின் உட்பக்க வளைவில் வரிசையாகத் துளைகள். சில காய்ந்திருந்தன, சில சீழ் கட்டியிருந்தன. சாக்ஸோடு சேர்த்துத் தன் காலையும் குத்திக்கொண்டுதான் அந்த அம்மா தினமும் வேலைக்குப் போயிருக்கிறார். அழுகிய தோலின் கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

"என்ன டாக்டரம்மா, புண்ணா?" என்று சண்முகத்தாய் கேட்டார். மேலே பார்த்துக்கொண்டுதான் கேட்டார். குனியவில்லை.

மதுரைக்கு அனுப்பினோம். எவ்வளவோ பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மதுரைக்கு அனுப்பிய அன்றே சாயந்தரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கேஸ் ஷீட் அவர் முன்னால் இருந்தது. மூன்று டிக்கையும் பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது பாத்துப் போட்ட டிக்கா, பாக்காமப் போட்டதா?" என்றார்.

"பாக்காம" என்றேன்.

"எழுது."

பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் "பாதம் பார்க்கப்படவில்லை" என்று மூன்று தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் திட்டவில்லை. கேஸ் ஷீட்டை மூடி வைத்தார். பிறகு, "அந்தம்மா வீட்டுக்காரர்ட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்து, "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன்.

சொல்லவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன், வராந்தாவில் ஹவில்தார் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "நீங்க எம்புட்டுச் சொல்லிக் குடுத்தீக சார். இந்த மூதி ஒரு ஊக்கக் குத்தி அம்புட்டையும் நாசமாக்கிட்டா." நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். தைரியமாக இருங்கள் என்றேன்.

டாக்டர் தவமணி இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார், அதற்கடுத்து ஒரு வருடத்தில் இறந்தும் போனார். நான் சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டேதான் போனார்.

சண்முகத்தாய் செயற்கைக் காலோடு, மிச்சமிருந்த காலுக்காக மாதாமாதம் என்னிடம் வந்துகொண்டிருந்தார். கம்பெனி வேலை போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் நான் சாக்ஸைக் கழற்றி, புரட்டி, முகர்ந்து, விரலிடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஹவில்தார் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக யார் வந்தாலும் ஊக்குக் கதையைச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனை வருடம்.

ஜெசிந்தா போன் செய்த மறுவாரம் ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஹவில்தாருக்கு உடம்பு தளர்ந்திருந்தது, ஆனாலும் நாற்காலியில் சாயவில்லை. சண்முகத்தாய் கட்டிலில் உட்கார்ந்து, காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்தார். தோளில் சேலை நழுவி நழுவி விழுந்துகொண்டிருந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எடுத்து எறிந்ததுதான், பொறவு இந்த வீட்டுக்குள் ஊக்கு என்று ஒன்றை விட்டதில்லை என்று ஹவில்தார் பெருமையாகச் சொன்னார். காப்பி வந்தது. குடிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசி மூணு வாரமும் நான் சாக்ஸக் கழட்டவே இல்ல. பாத்த மாதிரி எழுதி வச்சேன். மொத வாரமே பாத்திருந்தா கால் தப்பிச்சிருக்கும். தப்பு ஊக்குல இல்ல."

ஹவில்தார் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

சண்முகத்தாய்தான் பேசினார். "தெரியும் சார்."

"என்னம்மா தெரியும்?"

"நீங்க கழட்டலைனு. எங்காலுதான? நாந்தான அங்கன உக்காந்திருந்தேன்."

"பொறவு ஏம்மா இத்தன வருசமா இவுகட்டக்கூடச் சொல்லலை? பேச்சு வாங்கிட்டே இருந்தீகளே."

"சொன்னா இவுக உங்ககூடச் சண்டைக்கு வருவாக. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டா மிச்சக் கால நான் யாருட்டக் கொண்டு போவேன்?" அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லை. பஸ்ஸுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு இருக்கிற காலை என் பக்கம் நீட்டினார். "வந்தது வந்தீக, பாத்துட்டுப் போங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்து தரையில் உட்காரப் போனேன். அதற்குள் ஹவில்தார் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் டார்ச் இருந்தது. எனக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முனகிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார். மனைவியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க கெளம்புங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பை எடுத்துக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே அவர் குரல் கேட்டது. பட்டாளத்துச் சத்தம் அதில் இல்லை.

"ஏட்டி, நேரா என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க. குனி. குனிஞ்சு பாரு."